250 சொற்களுக்குள் ஓர் உண்மை

1

‘எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்? 250 சொற்களுக்கு மிகாமல் எழுதுக.’

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே பதில்தான். வேலை வேண்டும். சம்பளம் வேண்டும். உங்கள் பெயர் பயோடேட்டாவில் இருந்தால் அடுத்த வேலை சுலபமாகக் கிடைக்கும். இதைச் சொல்ல 250 சொற்கள் தேவையில்லை, பத்துப் பதினைந்தே போதும். கேட்பவருக்கும் இது தெரியும், எழுதுபவருக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு பதிலை மட்டும் எழுதிவிடக்கூடாது என்று இருவருக்கும் நடுவே யாரும் கையெழுத்துப் போடாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

இந்த ஒப்பந்தம் எனக்குப் பழக்கமானதுதான். பொறியியல் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ காலத்தில், ஆப்டிட்யூட் டெஸ்டையும் குரூப் டிஸ்கஷனையும் தாண்டி வந்தவர்கள் எச்.ஆர். ரவுண்டுக்கு முந்தைய இரவு ஹாஸ்டலில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பதிலை மனப்பாடம் செய்தோம். மறுநாள் அத்தனை பேரும் அதே நிறுவனத்தின் அதே மதிப்பீடுகளால் ஈர்க்கப்பட்டிருந்தோம். இன்று லண்டனில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அவ்வப்போது மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து அதே கேள்வியை நானே கேட்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்லும் பதிலைக் கேட்டுத் தலையாட்டவும் செய்கிறேன்.

மென்பொருள் துறையில் இந்தக் கேள்வி ஒரு சடங்கு. கடைசியில் கோட் எழுதத் தெரிகிறதா என்பதுதான் முடிவு செய்யும். ஆனால் வழக்கறிஞராக விரும்பும் ஒருவருக்கு இது சடங்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் விண்ணப்பங்களோடு வந்தபோதுதான் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பார்த்தேன்.

அவள் லண்டனில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “தம்பி, இவள் என்னவோ போர்ம் நிரப்புறாள், ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ” என்று அவள் அம்மா அனுப்பிவைத்தார். பெண் லேப்டாப்பைத் திறந்தாள். இருபது நிறுவனங்களின் பெயர்கள் ஒரு எக்செல் தாளில் வரிசையாக இருந்தன.

“இருபது பேருக்கும் நீங்கள்தான் என்ட ஒரே கனவு எண்டு எழுதோணும் அண்ணா. இது பொய்தானே?”

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அதன்பிறகு பல வாரங்கள் நாங்கள் இருவரும் அந்தக் கேள்வியை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாரங்களின் மிச்சம்.

2

முதலில் அந்த விண்ணப்பம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நம்மூரில் சட்டம் படித்தவர் பார் கவுன்சிலில் பதிவு செய்து ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்வார். இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரண்டு கிளைகளாகப் பிரிந்திருக்கிறது: பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர், கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்பவர் சொலிசிட்டர். 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கான வழி மாறியிருக்கிறது. ஒரு பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். இரண்டு கட்டங்களாக நடக்கும் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத்தேர்வில் தேற வேண்டும். இரண்டு ஆண்டுகள் சட்ட வேலை அனுபவம் வேண்டும். அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட மையத்தில் செய்த வேலையைக்கூடக் கணக்கில் காட்டலாம். இவற்றோடு நன்னடத்தைச் சோதனையும் உண்டு.

காகிதத்தில் இது திறந்த வழி. ஆனால் அந்தத் தேர்வுக்கு மட்டும் கட்டணம் ஏறக்குறைய 5,000 பவுண்ட். பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் இரண்டு ஆண்டு ‘டிரெய்னிங் கான்ட்ராக்ட்’ கொடுத்துச் சேர்த்துக்கொண்டால் இந்தச் செலவையெல்லாம் அவர்களே ஏற்கிறார்கள். அங்கே பயிற்சியை முடித்துத் தகுதி பெற்றவருக்குச் சில அமெரிக்க நிறுவனங்களின் லண்டன் அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம். இந்த ஒப்பந்தத்துக்குள் நுழையப் பலருக்கும் முக்கியமான வழி ‘வெக்கேஷன் ஸ்கீம்’. கல்லூரி விடுமுறையில் ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை நிறுவனத்தில் வேலை பழகுவது. சம்பளமும் உண்டு. வந்தவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிடித்தவர்களுக்கு ஒப்பந்தம் தருகிறார்கள்.

ஆக, பத்தொன்பது இருபது வயதில், ஒரு இலையுதிர் காலத்தில் நிரப்பும் படிவம் ஒருவருடைய அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கலாம். அதில் மூன்று நான்கு கேள்விகள். தாண்டினால் வாட்சன்-கிளேசர் என்ற தர்க்கத் தேர்வு. அதன் ஒரு பகுதி, ஒரு கூற்றுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லப்படாத அனுமானத்தைக் கண்டுபிடிப்பது. ‘எங்களிடம் ஏன் வருகிறீர்கள்’ என்ற கேள்விக்குள்ளேயே எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அந்தத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

3

இது பொய்தானா?

பொய்க்குக் கொஞ்சமும் இடம் தராதவர் என்று பெயரெடுத்தவர் இம்மானுவேல் கான்ட். கொலைகாரன் வந்து நண்பன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றவர். அப்பேர்ப்பட்டவரே 1797இல் வெளியான தன் நூலில் ஒரு சிறிய சந்தேகத்தை எழுப்புகிறார். கடிதத்தின் முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிந்த சேவகன்’ என்று எழுதுகிறோமே, அது பொய்யா? அதனால் யாரும் ஏமாறுவதில்லையே என்கிறார்.

நமக்கும் இது தெரிந்த விஷயம். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று எழுதாமல் லீவ் லெட்டர் கொடுத்தவர் யார்? அந்த வகுப்பிலேயே அடங்காத பையன்தான் அதை அழகான கையெழுத்தில் எழுதியிருப்பான். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, அடடா, எவ்வளவு கீழ்ப்படிதல் என்று நெகிழ்ந்ததில்லை. கேட்பவர் நம்பப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்த சொல், பொய் என்ற கணக்கில் வராது.

அப்படியானால் விண்ணப்பத்தில் எழுதும் ‘உங்கள் நிறுவனம்தான் என் கனவு’ என்பதும் லீவ் லெட்டரின் கடைசி வரிதானா? நான் அப்படித்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“லீவ் லெட்டரில கீழ்ப்படிதலுக்கு மார்க் போடுறதில்லைத்தானே அண்ணா? இதில போடுறாங்களே.”

சரியான பதில். சடங்குச் சொல் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால்தான் அதற்கு உண்மை பொய் என்ற எடை இல்லை. அதற்கு மதிப்பெண் போட ஆரம்பித்த உடனே அது சடங்காக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஒருவருடைய ‘கனவு’ இன்னொருவருடைய ‘கனவை’விட நம்பும்படி இருந்தால் அவருக்கு இடம் கிடைக்கும். நம்பவைப்பதற்காகச் சொல்லப்படுவதால் அது ஏமாற்றுகிற தகுதியையும் பெற்றுவிடுகிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் பொய்யனையும் ‘கப்ஸா’ விடுபவனையும் பிரிக்கிறார். பொய்யனுக்கு உண்மை எது என்று தெரியும், அதை மறைக்கிறான். கப்ஸா விடுபவனுக்கு, தான் சொல்வது உண்மையா பொய்யா என்பதே பொருட்டில்லை. சொல் வேலை செய்தால் போதும். உண்மைக்குப் பொய்யனைவிட இவன்தான் பெரிய எதிரி என்கிறார். இருபது நிறுவனங்களுக்கு இருபது கனவு எழுதுவதில் எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது வகைதான். ஒரு பொய் சொன்னால் மனம் கொஞ்சமாவது உறுத்தும். பதினைந்தாவது கனவை எழுதும்போது உறுத்தலே இருக்காது. உண்மையா என்ற கேள்வியே எழாத ஒரு மொழியை நாம் பழகிவிட்டிருப்போம்.

இப்போது அந்த மொழியை இயந்திரமும் எழுதுகிறது. என் துறையின் கைங்கரியம். நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் ஒரு தீராத ஆர்வத்தைத் தயாரித்துத் தரும். இதை நேர்மைக்கேடு என்று பலர் கண்டிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. எதையும் விரும்பத் தெரியாத ஒரு இயந்திரம் ‘நீ ஏன் விரும்புகிறாய்’ என்ற கேள்விக்கு நல்ல பதில் எழுதிவிட முடிகிறது என்றால், அந்தக் கேள்வி ஆரம்பத்திலிருந்தே விருப்பத்தைப் பற்றி விசாரிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு குறிப்பிட்ட தொனியில் எழுதத் தெரிகிறதா என்று மட்டும்தான் விசாரித்துக்கொண்டிருந்தது.

4

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். “வக்கீலின் வேலையே அதுதானே? கையில் இருக்கிற கட்சிக்காரருக்காக, இருக்கிற ஆதாரத்தை வைத்து, முடிந்தவரை சிறந்த வாதத்தைக் கட்டுவது. தனக்காகவே ஒரு வாதத்தைக் கட்டத் தெரியாதவர் இன்னொருவருக்காக எப்படிக் கட்டுவார்? அந்தப் படிவம் சரியான பரீட்சைதான்.”

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வாதாடுவது பொய் சொல்வதாகாது. கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று வக்கீல் தன் மனதுக்குள் நம்ப வேண்டியதில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் ‘நான் நம்புகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘நான் சமர்ப்பிக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள். அது வெறும் மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு முழு அறவியலே இருக்கிறது. இது என் நம்பிக்கை இல்லை, என் கட்சிக்காரரின் தரப்பு. எடைபோடுவது உங்கள் வேலை என்று கேட்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. அதனால் அங்கே ஏமாற்று இல்லை. கூடவே ஒரு எல்லையும் இருக்கிறது: நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக்கூடாது. சொலிசிட்டர்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் ஏழு கொள்கைகளில் நேர்மைக்கு ஒன்று, நாணயத்துக்குத் தனியாக ஒன்று.

நீதிமன்றத்தில் வக்கீலைத் தவிர இன்னொருவரும் பேசுகிறார். சாட்சி. சாட்சிக்கு வாதாடும் உரிமை கிடையாது. பார்த்ததைச் சொல்ல வேண்டும், சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். வக்கீல் சாட்சியாக முடியாது, சாட்சி வக்கீலாக முடியாது என்று அந்த இரண்டு குரல்களையும் பிரித்து வைத்ததால்தான் அந்த அமைப்பு ஓரளவாவது நம்பத்தக்கதாக இருக்கிறது.

விண்ணப்பப் படிவம் இந்த இரண்டையும் ஒரே ஆளின் மேல் ஏற்றுகிறது. வழக்கு உங்களைப் பற்றியது. வக்கீலும் நீங்கள், ஒரே சாட்சியும் நீங்கள். ‘எனக்கு இணைப்புகள், கையகப்படுத்தல்கள் மீது சிறுவயதிலிருந்தே தீராத ஆர்வம்’ என்று எழுதும்போது அந்த வாக்கியம் சாட்சியின் இலக்கணத்தில் இருக்கிறது, வக்கீலின் வேலையைச் செய்கிறது. என் நண்பரின் மறுப்பு இந்த இடத்தில் எனக்குப் போதவில்லை. வக்கீலுக்கு அனுமதி உண்டு என்பதைக் காட்டி சாட்சிக்கும் அனுமதி வாங்கிவிட முடியாது.

ஆனால் அவர் சொன்னதிலிருந்தே ஒரு வழி கிடைத்தது. இரண்டு குரல்களையும் ஒரே பக்கத்தில் பிரித்து எழுதலாம். என்ன செய்தேன், என்ன பார்த்தேன் என்பதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சொல்கூடக் கூட்டக்கூடாது. அதிலிருந்து நான் உங்களுக்கு ஏன் உதவுவேன் என்பதை வக்கீலாக வாதாடலாம். அங்கே எந்த உண்மையை முன்னால் வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்க முழுச் சுதந்திரம் உண்டு. ‘நீங்கள்தான் என் கனவு’ என்ற வாக்கியம் இந்தச் சோதனையில் தேறாது. ‘கப்பல் நிறுவனங்களின் வழக்குகளை நீங்கள் நடத்துகிறீர்கள்; நான் அந்தப் பாடத்தை எடுத்துப் படித்தேன்; அதில் மேற்கொண்டு கற்க விரும்புகிறேன்’ என்பது தேறும். அவள் இருபது பெயர்களை ஏழாகக் குறைத்தாள். மற்ற பதின்மூன்றுக்கும் சாட்சி சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

5

இரண்டாவது கேள்விதான் கடினமானது. ‘நீங்கள் எதிர்கொண்ட ஒரு தடையையும் அதைத் தாண்டிய விதத்தையும் விவரிக்கவும்.’

இந்தக் கேள்வி நல்ல நோக்கத்தில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே பல நிறுவனங்கள் இப்போது பின்னணியையும் கணக்கில் எடுக்கின்றன. அரசுப் பள்ளியா, பள்ளியில் இலவச மதிய உணவு கிடைத்ததா, குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்று கேட்கிறார்கள். ஒரே மதிப்பெண்ணை இரண்டு பேர் வாங்கியிருந்தால் யார் எவ்வளவு தூரம் நடந்து வந்து வாங்கினார் என்பதையும் பார்ப்பது நியாயம்தான். நம்மூரில் முதல் பட்டதாரி சலுகை பெற்றுப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவளிடம் எழுதுவதற்கு ஒரு கதை இருந்தது. போர், மாமாவின் சாவு, கடல் தாண்டி வந்தது, பல வருஷம் இழுத்த அகதி வழக்கு. “இதை எழுதினா யார் அண்ணா என்னை வேண்டாமெண்டு சொல்லப் போறாங்கள்?” என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் கசப்பு இருந்தது. அவள் வகுப்பில் ஒருவர் மலையேறியதைப் பற்றி எழுதியிருந்தாராம்.

அன்று அவள் அம்மாவும் இருந்தார். கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றியவர் நிமிர்ந்து, “அது எங்கட வீட்டுச் சாவு. விக்கிறதுக்கில்லை” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அந்த அம்மா படித்திருக்க வாய்ப்பில்லாத ஒரு வேறுபாட்டைத்தான் அவர் சொன்னார். கான்ட் 1785இல் எழுதியது: ஒவ்வொன்றுக்கும் ஒன்று விலை இருக்கும், அல்லது கண்ணியம் இருக்கும். விலை உள்ளதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். கண்ணியம் உள்ளதற்கு ஈடு கிடையாது. குடும்பத்தின் இழப்பை ஒரு படிவத்தில் வைத்து அதற்கு மதிப்பெண் வாங்கினால், ஈடு இல்லாத ஒன்று வேறொன்றுக்கு ஈடாகிவிடுகிறது. மோசம் என்னவென்றால், அந்தக் கதையோடும் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ‘இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை’ என்று வரும் மின்னஞ்சல் அப்போது மாமாவின் சாவுக்கும் சேர்த்து வந்த பதிலாகிவிடும்.

ஆனாலும் பெண்ணின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தக் கதை அம்மாவுடையது மட்டுமல்ல, அவளுடையதும்தான். கண்ணியத்தைக் காப்பாற்று என்று ஏழைகளிடம் சொல்வது சில நேரம் சந்தையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடு என்று சொல்வதாகவும் ஆகும். மலையேறியவர் தயங்காமல் எழுதுவார். தயங்குவதற்கான காரணம் உள்ளவர்கள்தான் இந்தக் கேள்வியில் தோற்பார்கள் என்றால் அந்தக் கேள்வி எதைத்தான் சரிசெய்கிறது?

இதை நான் தீர்த்துவைக்கவில்லை, அவளே தீர்த்தாள். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் அவள்தான் படித்துச் சொல்லியிருக்கிறாள். உள்துறை அலுவலகத்தின் கடிதம், சொலிசிட்டரின் கடிதம், வாடகை வீட்டுக் கடிதம். ‘மே’ என்று எழுதியிருப்பதற்கும் ‘ஷல்’ என்று எழுதியிருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சட்டக் கல்லூரிக்கு முன்பே தெரியும். ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் அப்பா தவறான தேதியில் போய் நிற்பார். அதை மட்டும் எழுதினாள். எதற்காக அந்தக் கடிதங்கள் வந்தன என்பதை எழுதவில்லை.

எனக்கு அது சரியான கோடு என்று பட்டது. பட்ட காயத்தை அவள் சாட்சியாக வைக்கவில்லை, செய்த வேலையை வைத்தாள். ஒருவரைத் தேர்ந்து தெளிவது பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒருவரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரவர் செயலே உரைகல் என்பது அவர் தரும் அளவை. அவருக்கு இந்தப் படிவம் தெரியாது. ஆனால் ஒரு மனிதரை அறிய அவர் என்ன பட்டார் என்று தோண்ட வேண்டியதில்லை, என்ன செய்தார் என்று பார்த்தால் போதும் என்ற கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது.

6

தனிமனிதர் எப்படி எழுத வேண்டும் என்பது பாதிக் கேள்விதான். கதவை வைத்திருப்பவர்களுக்கும் ஓர் அறம் இருக்க வேண்டும் இல்லையா?

இந்தக் கதவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1729ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக விரும்புபவர் ஐந்து ஆண்டுகள் ஒருவரிடம் ஒப்பந்த எழுத்தராக வேலை பழக வேண்டும். பழகுபவருக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதிலாக, அவரிடமிருந்தே ‘பிரீமியம்’ என்று ஒரு பெரிய தொகையை வாங்குவதுதான் வழக்கம். டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டை இதே மாதிரியான ஒரு சட்ட வேலையில் சேர்க்க அவன் அத்தைப்பாட்டி 1,000 பவுண்ட் கட்டுகிறாள். அத்தையின் செல்வம் கரைந்தபின் அதில் ஒரு பகுதியையாவது திரும்பப் பெற டேவிட் கெஞ்சுகிறான், கிடைக்கவில்லை. பெண்களுக்கோ அந்தத் தொகையைக் கட்டும் வாய்ப்புகூட இல்லை. 1913இல் க்வினெத் பெப் என்பவர் வழக்குப் போட்டபோது, சொலிசிட்டர் சட்டத்தில் உள்ள ‘நபர்’ என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்று நீதிமன்றம் சொன்னது. அதை 1919இல் வந்த சட்டம் மாற்றியது. 1922இல் கேரி மாரிசன் இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவானார்.

இன்று பிரீமியம் இல்லை. பழகவரும் மாணவருக்கே பணம் தருகிறார்கள். இது பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பிரீமியம் ஒன்று மிச்சமிருக்கிறது. எப்போது விண்ணப்பம் திறக்கும், எந்தச் சொல்லை எழுத வேண்டும், எழுதியதை யாரிடம் காட்ட வேண்டும் என்பது சில வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. அவளுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு மென்பொருள்காரன். அதுவும் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். 1913இன் கதவில் யாருக்கு அனுமதி இல்லை என்று எழுதியே இருந்தது. இன்றைய கதவில் எதுவும் எழுதியிருக்காது. திறக்காமல் போனால் குறை தன்னிடம்தான் என்று வெளியே நிற்பவர் முடிவு செய்துகொள்கிறார். ‘மெரிட்டோகிரசி’ என்ற சொல்லைப் பரப்பிய மைக்கேல் யங் 1958இல் அந்தப் புத்தகத்தை எழுதியது அதைப் பாராட்டுவதற்காக இல்லை, எச்சரிப்பதற்காக. தோற்றவருக்குத் தன் தோல்வி நியாயமானது என்ற எண்ணமும் சேர்ந்துவிடும் சமூகம் எவ்வளவு கொடூரமானது என்பதுதான் அவர் எழுதிய அங்கதம்.

இதற்கு மைக்கேல் சாண்டெல் 2020இல் ஒரு யோசனை சொன்னார். பெரிய பல்கலைக்கழகங்கள், தகுதி இல்லாதவர்களை மட்டும் விலக்கிவிட்டு மீதிப் பேரைக் குலுக்கல் முறையில் எடுக்கட்டும் என்று. கேட்டவுடன் விபரீதமாகத் தோன்றும். ஆனால் தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை. முதலில் தகுதி, பிறகு குடம்.

குலுக்கலில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. 3,000 பேரில் 300 பேர் இந்த வேலையைச் செய்யத் தகுந்தவர்கள், இடம் 30தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300 பேருக்குள் யார் சிறந்தவர் என்று மூன்று கேள்விகளையும் ஒரு வீடியோவையும் வைத்துச் சொல்லிவிட முடியும் என்பதை நான் நம்பவில்லை. ஆளெடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே சிலர் தெளிவாகத் தெரிவார்கள், கீழே சிலர் தெளிவாகத் தெரிவார்கள், நடுவில் இருப்பவர்களை அன்றைய மனநிலைதான் வரிசைப்படுத்தும். ஏற்கெனவே குலுக்கல்தான் நடக்கிறது, குடத்தை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறோம். வெளியே எடுத்து வைத்தால் கிடைக்காதவர் தன்னைத் தாழ்வாக நினைக்க மாட்டார். கிடைத்தவரும் தன்னைப் பற்றி அளவாக நினைப்பார்.

ஆனால் உத்திரமேரூர் இன்னொன்றையும் சொல்கிறது. பெயர் எழுதப்படுவதற்கு வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஊரில் உழுதவர்களில் பெரும்பாலோர் பெயர் ஓலைக்கே வரவில்லை. குடம் எவ்வளவு நியாயமாகக் குலுக்கப்பட்டாலும், அதற்குள் யார் பெயர் விழலாம் என்பதை எழுதியவர் கையில்தான் நியாயம் இருந்தது. ஆகவே குலுக்கலால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நிறுவனங்கள் குலுக்கப் போவதுமில்லை. குறைந்தபட்சம் தங்களால் அளக்க முடியாததை அளந்துவிட்டதாகச் சொல்லாமல் இருக்கலாம். கனவைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு சின்ன வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். ஒரு கடிதத்தைக் கொடுத்து, இதை ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு விளக்கி எழுது என்று கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல எத்தனையோ பேர் அதில் நன்றாகச் செய்வார்கள்.

7

இதை எழுதும்போது அவள் அனுப்பிய ஏழில் நான்கு இடங்களிலிருந்து மறுப்பு வந்துவிட்டது. மூன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை. நேர்மையாக எழுதியதால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. நேர்மையாக எழுதியதற்காகவே கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நேர்மையும் இன்னொரு உத்தியாகிவிடும்.

படிவம் நிரப்பும் எல்லோருக்கும் ஒரு சின்ன யோசனை மட்டும் இருக்கிறது. சட்டம் மட்டுமில்லை, எந்த வேலையாக இருந்தாலும் சரி. படிவத்தைத் திறப்பதற்கு முன், அதே கேள்விக்கு ஒரு காகிதத்தில் உங்களுக்காக மட்டும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே ‘பணம்’ என்று எழுதலாம். ‘அம்மா இனிமேல் இரவு வேலைக்குப் போகக்கூடாது’ என்று எழுதலாம். ‘தெரியவில்லை’ என்றும் எழுதலாம். பிறகு படிவத்துக்குப் போங்கள். நிறுவனம் ஏமாறுவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அவர்களிடம் வக்கீல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருபது முறை எழுதிய கனவு இருபத்தோராவது முறை நமக்கே உண்மையாகிவிடக்கூடும் என்பதுதான் கவலை. பத்து வருஷம் கழித்து ஒரு நள்ளிரவில் அலுவலகத்தில் உட்கார்ந்து, நான் இங்கே ஏன் வந்தேன் என்று கேட்கும்போது, அந்த 250 சொற்களைத் தவிர வேறு பதிலே நினைவுக்கு வராமல் போய்விடக்கூடாது.

அவள் தன் காகிதத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அதைப் படிக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.